கதவடித் தண்ணீர்

வெப்பமானி மைனஸ் 25 காட்டும் நாளில் கராஜ் கதவு நிலத்தோடு உறைந்து ஒட்டுவது குறைவு. சொன்னால் பலர் நம்புவதில்லை. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கதவு திருத்தித்தான் நான் குடும்பத்தைப் பார்த்தேன். கடுங்குளிர் நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஸ்பிறிங் உடைந்தவை. பழைய கிறீஸ் கட்டிபட்டிருக்கும், ஸ்பிறிங்கின் உருக்கும் குளிரில் இறுகியிருக்கும். விடியற்காலையில் முதல்முறை கதவைத் தூக்கும்போது, ஏற்கெனவே களைத்துப்போன ஸ்பிறிங் வெடித்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வெளியே யாரோ சுட்டுவிட்டார்கள் என்று பொலிசைக் கூப்பிட்ட எங்கள் ஆட்களும் உண்டு. வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், குற்றம் சொல்ல முடியாது.

கதவு ஒட்டிவிட்டது என்று வரும் அழைப்புகளுக்கு வேறு நாள். முதல் நாள் பகல் பிளஸ் 2, பிளஸ் 3 என்று இளகியிருக்கும். றோட்டெல்லாம் ஸ்னோச் சேறு. பின்னேரம் வேலை முடிந்து வருகிறவர் காரோடு சேர்த்து அந்தச் சேற்றையும் உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்துவார். சாமத்தில் மைனஸ் 8க்கு இறங்கும். விடிய ஆறு மணிக்கு என் ரெலிபோன் தொடங்கும். அதனால் வானிலை அறிக்கையில் குளிர் எவ்வளவு என்று நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. பூச்சியத்தை எத்தனை மணிக்குத் தாண்டுகிறது என்று பார்ப்பேன். வினிப்பெக்கில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 16ஐ ஒட்டி நிற்கும். அங்கே விழுந்த ஸ்னோ தூளாகவே கிடக்கும், தும்புத்தடியால் கூட்டித் தள்ளலாம். ரொறன்ரோவின் சராசரி மைனஸ் 4, 5தான். ஒரு வாரத்துக்குள்ளேயே இளகும், உறையும், மழையும் பெய்யும், திரும்ப உறையும். கதவு ஒட்டும் வருத்தம் இந்த ஊருக்குரியது.

தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் வெளியே கையைக் காட்டுவார். கதவுக்கு வெளியே ஸ்னோ குவிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் உள்ளே இருந்துதான் வருகிறது. ஸ்னோ நாளில் ஓடித்திரிந்த காரின் சில்லுகளுக்கு மேலேயுள்ள வளைவுகளில் கறுத்த ஐஸ் கட்டி கட்டியாகத் தொங்கும். றோட்டு உப்பும் கலந்திருப்பதால் கராஜுக்குள் வந்ததும் சொட்டத் தொடங்கிவிடும். இரண்டு காருக்கும் சேர்த்துப் பார்த்தால் இரவுக்குள் வாளிக்கணக்கில் தண்ணீர். கராஜ் தளத்தை வாசல் பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். தண்ணீரோ ஒழுகும் பெற்றோலோ வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பதற்காக. நல்ல காரணம்தான். ஆனால் அந்தச் சரிவில் வழிந்து வரும் தண்ணீர் முழுவதும் கடைசியில் வந்து நிற்பது கதவின் அடி றப்பரில்.

அந்த றப்பரைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. கதவின் கீழ்விளிம்பில் ஓர் அலுமினியச் சட்டம், அதில் நீளத்துக்கு இரண்டு காடி. றப்பரின் இரண்டு ஓரமும் அந்தக் காடிகளில் செருகியிருக்க, நடுப்பகுதி தொய்ந்து தொங்கும். கதவு இறங்கும்போது அந்தத் தொய்வு நசிந்து நிலத்தோடு படியும். புதிதில் நன்றாகப் படியும். ஐந்தாறு வருடம் போக, நசிந்த இடத்திலேயே நிரந்தரமாக மடிப்பு விழுந்துவிடும். மலிவான பீவீசி என்றால் இன்னும் கெதியாக. அது குளிரில் விறைத்துப்போய், வளைய வேண்டிய இடத்தில் வெடிக்கும். மடிப்புக்குள்ளேயும் வெடிப்புக்குள்ளேயும் தண்ணீர் ஏறி நிற்கும். கதவின் கீழே கிடக்கும் கொங்கிறீற்றின் ஒரு பாதி வெளியே, ஒரு பாதி உள்ளே. முழுக் கராஜிலும் அதுதான் குளிரான இடம், அங்கேதான் முதலில் உறையும். ஒரு மில்லிமீற்றர் தடிப்பு ஐஸ் போதும். பதினாறு அடி நீளத்துக்கு அது பிடித்துக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு போர்த்துக்கேயப் பெரியவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவதே இருவருக்கும் வசதியாக இருந்தது. அந்நாளில் நகரின் பழைய பகுதிகளில் வீட்டுக்குப் பின்னால், ஒடுங்கிய சந்தைப் பார்த்தபடி தனிக் கராஜ்கள். மரக் கதவுகள். பாரமென்றால் அப்படிப் பாரம். மரம் தண்ணீரைக் குடித்து ஊதிப்போயிருக்கும், அடிப்பலகை உக்கியிருக்கும். அடியில் றப்பர் என்ற பெயரில் யாரோ பழைய ரயரை வெட்டி ஆணி அடித்திருப்பார்கள். ஒட்டிய கதவைப் பார்க்கப் போனால் பெரியவர் கதவைத் தொடமாட்டார். முதலில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சந்தைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். பீலியின் வாய் எங்கே திறக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் வானிலிருந்து சுத்தியலை எடுப்பார். தெற்குப் பார்த்த கூரையில் மத்தியானம் உருகும் ஸ்னோ கதவுக்கு முன்னால் சொட்டும், மூன்றரைக்கு நிழல் விழுந்ததும் உறையும். வடக்குப் பார்த்த வாசலில் விழுந்தது மார்ச் வரைக்கும் போகாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கோடை காலத்தில் வேலைக்குப் போகும் இடங்களில் ஒரு வாளி தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு சிகரெட் பிடிப்பார். வீட்டுக்காரர்கள் மனுசன் காசுக்கு நேரம் கடத்துகிறான் என்று நினைப்பார்கள். அந்த ஒரு வாளித் தண்ணீரைப்போல எனக்குப் பயன்பட்ட பாடம் வேறில்லை.

தொண்ணூறுகளில் மோட்டார் இல்லாத கதவே அருகிவிட்டது. அதோடு பழுதின் தன்மையும் மாறியது. கையால் தூக்கும் கதவு ஒட்டினால் மனிதனுக்குக் கையில் தெரியும், விட்டுவிடுவான். மோட்டாருக்குத் தெரியாது. ஸ்காபரோவில் ஒரு தங்கச்சி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ், காலைக் கடமைக்கு வெளிக்கிட்டவர். நான் போய்ச் சேர்ந்தபோது கோட்டும் தொப்பியுமாகக் கராஜுக்குள் நிற்கிறார்.

"அண்ணை, பட்டனை அமத்தி அமத்திப் பாத்தன். முதல் கதவு உறுமிச்சுது. இப்ப மோட்டர் மட்டும் சுத்துது, கதவு அசையுதில்லை."

மோட்டாரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைப் பல்சில்லு ஒன்று இருக்கும், பிளாஸ்ரிக்கால் ஆனது. பல்லெல்லாம் அரைபட்டு வெள்ளைத் தூளாகக் கொட்டிக் கிடந்தது. அதை மாற்றுவது பெரிய செலவில்லை. பெரிய செலவு கதவின் மேல் பலகையில் இருந்தது. மோட்டாரின் இழுகை பிடித்திருப்பது மேல் பலகையின் நடுவில். அடி நிலத்தோடு ஒட்டியிருக்க மேலே இழுத்தால் நடுவில் உள்ள மெல்லிய தகடுதான் மடியும். மடிந்துவிட்டது. அந்தப் பலகையின் நிறமும் வடிவமும் கொம்பனி நிறுத்தி வருடக்கணக்கு. அந்தத் தங்கச்சி வேலைக்கு ராக்சியில் போனார். பிறகு முழுக்கதவும் மாற்ற வேண்டிவந்தது.

அதனால் எவருக்கும் நான் சொல்வது: பட்டனை ஒருமுறை அமத்துங்கள். கதவு உறுமிவிட்டு நின்றால் கையை எடுத்துவிடுங்கள். மோட்டாருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறதே, அதை இழுத்தால் இரண்டும் பிரிந்துவிடும். இனி மோட்டார் கதவை ஒன்றும் செய்யாது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. கதவு கீழே கிடக்கும்போதுதான் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே நிற்கிற கதவுக்கு ஸ்பிறிங் உடைந்திருந்து, நீங்கள் கயிற்றை இழுத்தால், முழுப் பாரமும் தலைக்கு மேலே வரும்.

1993இன் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், தடை இருந்தால் கதவைத் திருப்பி அனுப்பும் கண் போன்ற பாதுகாப்பு கட்டாயம். அதே மோட்டார்கள்தான் இங்கும் விற்பனைக்கு வந்தன. பிள்ளைகள் நசிபடுவது குறைந்தது, நல்ல விசயம். எங்களுக்கோ பனிக்காலத்தில் புது வகை அழைப்புகள். கதவு இறங்குகிறது, நிலத்தில் இருக்கும் ஐஸ் மேட்டில் முட்டுகிறது, ஆள் நிற்கிறது என்று நினைத்து மேலே போய்விடுகிறது. அல்லது நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் வைத்திருக்கும் அந்தக் கண்ணில் பனிப் பூச்சு படிந்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஓர் ஏணியில் ஏறி, மோட்டாரின் விசைத் திருகைக் கூட்டிவிடுவார். பிறகு அந்த மோட்டார் ஐஸையும் நசிக்கும், பிள்ளையின் காலையும் நசிக்கும், உறைந்த கதவையும் பிய்க்கும். பனிக்காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் அந்தத் திருகு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் நான் திரும்புவதில்லை.

ஒட்டின கதவை விடுவிப்பதில் அவசரம்தான் எதிரி. தோசைக்கல்லில் பிடித்த தோசையை நடுவில் பிடித்து இழுக்கிற ஆள் இல்லை. ஓரத்தில் அகப்பையைக் கொடுத்துச் சுற்றிவர எடுப்போம். கதவும் அப்படித்தான். ஒரு மூலையில் தொடங்கி, பிளாஸ்ரிக் சுரண்டியை றப்பருக்கும் நிலத்துக்கும் இடையில் மெல்ல விட்டு, கதவின் கீழ்ச்சட்டத்தில் றப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளேயிருந்து தட்டுவது நல்லது. ஐஸ் கண்ணாடித் துண்டுகளாக உடையும் சத்தம் கேட்கும், அந்த இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். இரும்புச் சவளின் நுனியை விட்டுக் கிண்டியவர்களின் றப்பரெல்லாம் நான்தான் மாற்றியிருக்கிறேன்.

தலைமுடி காயவைக்கும் மெசின் நல்லது, நேரம் எடுக்கும், அவ்வளவுதான். காஸ் ரோச் வேண்டாம். பெயின்றும் போகும், றப்பரும் போகும், உள்ளே பெற்றோல் கான் இருந்தால் வீடும் போகும். எங்கள் ஆட்களுக்குப் பிடித்த முறை கேத்தில் தண்ணீர். ஊற்றினால் கதவு உடனே விடும், மறுக்கவில்லை. கார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தண்ணீர் வாசலில் நின்று பத்து நிமிடத்தில் முந்தியதைவிடத் தடிப்பான ஐஸாகும். பின்னேரம் வீட்டுக்கு வந்த அம்மம்மா அதில் சறுக்கி விழுந்த வீடும் உண்டு. சுடுதண்ணீர் ஊற்றத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் ஆள் பழைய துவாயோடு நிற்க வேண்டும். கதவு விட்ட அந்த நொடியே துடைத்துவிட வேண்டும்.

என் வானில் எப்போதும் இருப்பது மருந்துக்கடையில் விற்கும் 70 வீத அல்ககோல். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தெளிகுப்பியில் வைத்திருப்பேன். ஐஸுக்கு மேலே தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் விளிம்பிலிருந்து இளகும். கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரும் வேலை செய்யும், கனடாவில் மைனஸ் 40 வரைக்கும் தாங்கும் வகை எந்தப் பெற்றோல் நிலையத்திலும் கிடைக்கும். அதில் மெதனோல் இருக்கிறது. நஞ்சு. நிலத்தில் நக்கித் திரியும் நாயோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் அதை நான் தெளிப்பதில்லை. இரண்டுமே தீப்பிடிக்கும் சாமான் என்பதையும் மறக்கக்கூடாது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 தாண்டினால் சோம்பல்பட்டுவிடும். கல்சியம் குளோரைட் அதற்குக் கீழேயும் வேலை செய்யும், விலையும் கூட. வாசலுக்கு வெளியே நாலடி தள்ளிப் போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. கதவடியில் மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். புதுக் கொங்கிறீற்றின் மேற்பரப்பு இரண்டு பனிக்காலத்தில் செதில் செதிலாகக் கழன்றுவிடும். கதவின் இரும்புகளுக்கு வரும் கேடு அதைவிடப் பெரிது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2013 டிசெம்பர் 21, 22 என்றால் ரொறன்ரோக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. உறைமழை. வானத்திலிருந்து தண்ணீராக விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிறது. நகரின் மின்விநியோகத்தில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. பலருக்கு நத்தாரும் இருட்டில்தான் போனது. அன்றைக்கு ஒட்டிய கதவுகள் நான் அதுவரை பார்த்த மாதிரி இல்லை. அடியில் மட்டுமல்ல, வெளிப்பக்கம் முழுவதும் ஒரு கண்ணாடிப் பலகையாக உறைந்திருந்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மூட்டு, பக்கத்துச் சட்டம், கைபிடி எல்லாம் ஒரே ஐஸ். மின்சாரமும் இல்லை. அந்த வாரத்தில்தான் தெரிந்தது, சிவப்புக் கயிறு எதற்கென்று தெரியாமலே பத்து வருடம் அதன் கீழே கார் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று. ரெலிபோனிலேயே பலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டோடு சேராத தனிக் கராஜ், வேறு வாசலும் இல்லை என்றால் கயிறு உள்ளே, ஆள் வெளியே. அப்படியான கதவுகளுக்கு வெளியிலிருந்து திறப்பால் விடுவிக்கும் ஒரு சின்னப் பூட்டு உண்டு. அதைப் பொருத்தச் சொல்லி அதற்குப் பிறகு நான் கேட்காத வீடில்லை.

அந்த நாட்களில் இன்னொன்று. கதவு திறக்க முடியாத கராஜுக்குள் ஜெனரேற்றர் ஓட்டியவர்கள், கரி அடுப்பு மூட்டியவர்கள் இருந்தார்கள். கார்பன் மொனொக்சைட் மணக்காது. அந்த வாரம் அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இருந்தார்கள், போகாமலே முடிந்தவர்களும் இருந்தார்கள்.

அடுப்பு என்றதும் எங்கள் ஆட்களின் கராஜ்களுக்கு வர வேண்டும். ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கும் ஏஜக்ஸுக்கும் புது வீடு வாங்கிப் போனவர்கள் கராஜை இரண்டாவது குசினியாக்கினார்கள். வீட்டுக்குள் மீன் பொரித்தால் கோட்டெல்லாம் மணக்கும் என்பது நியாயமான கவலை. ஏஜக்ஸில் ஒரு வீடு, புதுவருடத்துக்கு மறுநாள். கதவின் அடி காய்ந்து கிடக்கிறது. றப்பர் புதிது. தளத்தில் தண்ணீரில்லை. ஆனால் கதவு மேலே போகவில்லை. ரோச் அடித்துப் பார்த்தால், சில்லுகள் ஓடும் ட்றாக்கின் உள்பக்கம் முழுவதும் வெண்பனி. பிணைச்சல்களிலும் வெண்பனி. பலகை மூட்டுகளுக்குள் ஐஸ்.

"நேற்று இங்க என்ன சமைச்சனீங்கள், அக்கா?"

"கூழ் காச்சினாங்கள், தம்பி. ஒரு ஐம்பது பேருக்கு. பெரிய கிடாரத்தில."

ஐம்பது பேருக்கான ஒடியல் கூழின் ஆவி முழுவதும் குளிர்ந்த இரும்புக் கதவில் படிந்து, தண்ணீராகி வழிந்து, உறைந்திருக்கிறது. துடைத்து, பிணைச்சல்களை இளக்கி, காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்பிறே அடித்தேன். மிச்சக் கூழும் கிடைத்தது. சமைக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். சமைக்கும்போது கதவை ஓரடியாவது உயர்த்தி வையுங்கள், முடிந்த பிறகு அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். ஆவியும் போகும், அடுப்பின் புகையும் போகும்.

அடி றப்பருக்கு நல்லெண்ணெய் பூசிய ஐயா ஒருவரும் மார்க்கத்தில் இருந்தார். கதவு ஒட்டவில்லை என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான், எண்ணெய் பூசினால் ஒட்டாது. வெள்ளைக்காரரும் சமையல் எண்ணெயை ஸ்பிறேயாக அடிப்பதுண்டு. ஆனால் மாரி முடிவதற்குள் எலி வந்து றப்பரின் இரண்டு மூலையையும் தின்றுவிட்டது. வசிலின் போன்ற பெற்றோலிய மசகுகள் றப்பரை ஊதவைத்துப் பழுதாக்கும். சிலிக்கோன் ஸ்பிறே ஒன்றுதான் நான் கண்டவரை சுத்தமானது. அதையும் தண்ணீரிருக்கும் றப்பரில் அடித்துப் பயனில்லை. நவம்பரில், வெயிலுள்ள ஒரு நாளில், கதவை உயர்த்தி, றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, துணியில் அடித்துத் தேய்க்க வேண்டும். நிலத்தில் சிந்தினால் சறுக்கும்.

முப்பது வருடத்தில் கதவுகள் நல்லாகிவிட்டன. மரம் போய் உருக்கு வந்தது. உருக்குத் தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய கதவு வந்தது. பழைய ஒற்றைத் தகட்டுக் கதவுள்ள கராஜுக்குள் வெளியே மைனஸ் 10 என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர். கார்ச் சில்லில் தொங்கிய ஸ்னோ காலைவரை ஸ்னோவாகவே தொங்கும். இன்றைய கதவு போட்ட, வீட்டோடு சேர்ந்த கராஜ் இரவு முழுக்க பிளஸ் 2, 3இல் நிற்கும். கார் சூட்டோடு உள்ளே வந்தால் இன்னும் கூட. அத்தனை ஸ்னோவும் உருகிக் கதவடிக்கு வரும், அங்கே மட்டும் உறையும். பத்தாயிரம் டொலருக்கு நல்ல கதவு போட்டோம், இப்போதுதான் ஒட்டத் தொடங்கியது என்று முறையிடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. கதவு விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. நானும் கதவு விற்றவன்தான், ஆனால் கதவோடு சேர்த்து நீண்ட பிடி போட்ட ஒரு றப்பர் தண்ணீர் தள்ளியும் வாங்கச் சொல்வேன். இரவு படுக்கமுன் கதவை ஓரடி உயர்த்தி, தேங்கியதை வெளியே தள்ளி, றப்பர் படும் கோட்டைத் துணியால் ஒரு இழுவை. சோம்பல்காரருக்கு, காருக்குக் கீழே விரிக்கும் விளிம்புயர்ந்த பாய் விற்கிறார்கள். தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். அதையும் யாராவது ஊற்றத்தான் வேண்டும்.

புதுக் குடியிருப்புகளில் இன்னொரு கதை. வீட்டின் அத்திவாரம் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், தென் ஒன்ராறியோவில் நாலடி. அதைத் தோண்டி முடித்ததும் பக்கத்தில் மண்ணைப் போட்டு நிரப்புவார்கள். அந்த நிரப்பு மண் வருடக்கணக்கில் அமர்ந்துகொண்டே போகும். கராஜ் தளம் அத்திவாரத்தில் நிற்கிறது, அசையாது. ட்றைவ்வே நிரப்பு மண்ணில் கிடக்கிறது, தாழும். கதவுக்கு முன்னால் ஒரு பள்ளம், மழை பெய்தால் குளம். சில வீட்டில் இதற்கு நேர்மாறு: தார் போடுகிறவர் பழைய தாருக்கு மேலே புதுத் தாரை ஏற்றிப் போட்டு ட்றைவ்வே தளத்தைவிட உயர்ந்துவிடும். அப்போது வெளித் தண்ணீர் கதவை நோக்கி ஓடும். இந்த இரண்டு வீட்டிலும் நான் என்ன றப்பர் போட்டாலும் வீண். தாரைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கதவுக்கு முன்னால் நீளவாக்கில் ஒரு வடிகால் வெட்டி மேலே இரும்புக் கிராதி போட வேண்டும். நிலத்தில் ஒட்டும் றப்பர் வரம்பு ஒன்று கடைகளில் விற்கிறார்கள், வெளித் தண்ணீரை அது தடுக்கும். காரிலிருந்து வடியும் தண்ணீரையும் அதே வரம்பு உள்ளே பூட்டிவைக்கும் என்பதைப் பெட்டியில் எழுதுவதில்லை. கொங்கிறீற்றைக் கீறிச் சூட்டுக் கம்பி பதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, முதலில் கூரைப் பீலியின் வாயை வாசலிலிருந்து தள்ளித் திருப்புங்கள் என்பேன். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இப்போது என் மருமகன்தான் வான் ஓட்டுகிறான், நான் ரெலிபோன் எடுக்கிறேன். புது மோட்டார்கள் கைத்தொலைபேசியில் வேலை செய்கின்றன. கந்தோரில் இருந்தபடியே பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கதவு ஒட்டியிருப்பது அங்கிருந்து தெரியாது. திறக்கவில்லை என்று செய்தி வந்ததும் திரும்ப அமத்துகிறார்கள், திரும்ப அமத்துகிறார்கள். பழைய கதைதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. நல்ல மோட்டார்கள் மெல்லத் தொடங்கி, இழுவை கூடினால் தாமாகவே நின்றுவிடுகின்றன என்பது ஓர் ஆறுதல்.

ஏப்ரலில் எங்களுக்கு இரண்டாவது சுற்று. மாரி முழுக்கக் காரிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரும், வீட்டுக்காரர் கதவடியில் கொட்டிய உப்பும் என்ன செய்தன என்று அப்போதுதான் தெரியும். கதவின் இரண்டு கீழ்மூலையிலும் ஒவ்வொரு இரும்புத் தகடு இருக்கும். கதவைத் தூக்கும் உருக்குக் கம்பிவடம் அந்தத் தகட்டில்தான் கொளுவியிருக்கிறது. உப்பு முதலில் தின்பது அந்தக் கொளுக்கியையும் வடத்தின் கடைசி ஓரங்குலத்தையும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளுக்குத்தி நிற்கும். கதவைச் சாத்தி, தொடாமல், வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். துரு ஏறியிருந்தாலோ ஓர் இழை எழும்பியிருந்தாலோ ஆளைக் கூப்பிடுங்கள். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். கதவு கீழே கிடந்தாலும் மேலேயுள்ள ஸ்பிறிங்கின் முழு இழுவையும் அந்தத் தகட்டில்தான் நிற்கிறது. திருகாணி விட்டதும் தகடு முகத்துக்கு நேரே பறக்கும்.